குதிரையின் காது

இஞ்சருங்கோ,

நல்ல நித்திரையில கிடந்தீங்கள், அதுதான் எழுப்பேல்லை. புட்டும் பாரைமீன் குழம்பும் மூடி வைச்சிருக்கிறன். சாப்பிட்டிட்டுப் பிரஷைத் தொடுங்கோ.

ஜன்னலில பெட்சீற் கட்டியிருக்கிறன், அவிழ்க்காதேங்கோ. பெயிண்ட் இன்னும் காயேல்லை, காத்துக்கு மணல் வந்து ஒட்டுது.

நேற்று உங்கட படத்தைப் பாத்து நான் சிரிச்சது பிழைதான். ஆனா நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின பாரிஸ் தெருவில, மழைக்குக் குடை பிடிச்ச சீமாட்டிகளுக்கு நடுவில, வண்டி இழுக்கிறது எங்கட மன்னார் பஸ் ஸ்ராண்டுக் கழுதை எண்டால் ஆருக்குச் சிரிப்பு வராது? குதிரையை நீங்கள் எங்க கண்டனீங்கள்? அதுக்காகச் சாப்பிடாமல் படுக்கிறதே?

காலமை திரும்பவும் போய்ப் பாத்தனான். தெரு, குடை, மழை எல்லாம் ஆரோ எப்பவோ கீறினதைப் பாத்துக் கீறினது. கழுதை மட்டும்தான் உங்கட.

படத்துக்குச் சொல்லி வைச்ச ஹோட்டல்காரர் நாளைக்குப் பாக்க வருகினம். அவைக்கு மூலப்படம் மாதிரியே வேணும், அதால காதைக் குறுக்கிக் குதிரையாக்கி விடுங்கோ.

அஞ்சு மணி பஸ்ஸில வாறன்.

பிரேமினி

மறந்திட்டன். காதைக் குறுக்க முதல், அந்தக் கழுதையை மிச்சக் கன்வஸ் துண்டில எனக்கு ஒருக்காக் கீறித் தாங்கோ. இவ்வளவு வருசத்தில எங்கட சுவரில நீங்கள் கீறின படம் ஒண்டும் இல்லை. ஆணி அடிச்சு வைச்சிருக்கிறன்.