லாரிச் சாவி என்னிடம் இருக்கிறது

அனு அப்பாவுக்கு,

சாவியைத் தேடாதீர்கள். நான்தான் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போகிறேன். புகைக்குழாயின் பிரஷர் சென்சாரைப் புதிதாக வாங்கிக்கொண்டு மதியம் வந்துவிடுவேன். பழையதை மெக்கானிக் ஆதம் பாய் கழற்றித் தந்தார். "இது கெட்டுப்போனா வண்டி இழுக்காது. இத மாத்தாம லோடோட ஏத்தத்துல போவக் கூடாது தங்கச்சி" என்றார். நான் அதைச் சொன்னதற்கு, "லாரியப் பத்தி ஒனக்கு என்னட்டி தெரியும்?" என்று நேற்று கத்தினீர்கள். போன வாரம் ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் பின்னால் உருண்டபோது, நானும் அனுவும் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

இட்லி மூடி வைத்திருக்கிறேன்.

– பொன்மணி

புளியங்குடியிலிருந்து எலுமிச்சைக்காரர் வந்தால், லோடு நாளைக்குத்தான் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அனுவை எழுப்ப வேண்டாம். ராத்திரி "அப்பா, பிரேக்கு" என்று அலறி எழுந்தவள், விடிந்த பிறகுதான் கண்ணை மூடினாள்.