மலையேறக் கூடாத சாக்கு

இன்று காலை ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் நின்றவர் தன் சாக்கை விரித்து என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். ஈரச் சணலின் வாடை முகத்தில் அடித்ததும் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அரிசி வாங்கவில்லை. யுத்த காலத்தில் இப்படிச் செய்பவனைப் பைத்தியம் என்பார்கள். காரணத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ போய் இருபது வருஷமாகிறது.

பிளேக் வந்த அந்த ஐப்பசியில் சேந்தமங்கலமே வயல்வெளிக் கொட்டகைகளுக்குக் குடிபோயிருந்தது. தெரு முழுக்கப் பூட்டிய கதவுகள். ஒரே ஒரு மளிகைக் கடை மட்டும் காலையில் கொஞ்ச நேரம் திறக்கும். நிருபர் வேலைக்கு நான் வாங்கிய சைக்கிளில் நாம் இருவரும் மாறி மாறிச் சாமான் சுமந்தோம். கொட்டகைகளுக்கு எண்ணெயும் பருப்பும், மலையடிவாரத்துக்கு உப்பும் மிளகாயும். ஆளில்லாத தெருவிலும் நீ மணியடித்தபடியே போவாய்.

"ஏப்பா, யாருக்கு மணி?"

"எலிக்குத்தானுங்க. அதுங்களாச்சும் ஒதுங்கிப் போவட்டும்."

மலைமேல் உன் வளப்பூர் நாட்டு மக்கள் நோய் ஏறி வராதபடி மலைப்பாதையை முள் வெட்டி அடைத்திருந்தார்கள். முள்ளுக்கு இப்பால் இருந்த பாறையில் சாமானை வைத்துவிட்டு நாம் விலக வேண்டும்; பிறகு அவர்கள் இறங்கி வந்து எடுத்துப்போவார்கள். உன் மனைவி நிறைமாதமாக மேலே இருந்தாள். "நீயும் ஏறிவிடேன்" என்று எத்தனையோ முறை சொன்னேன். "என்னோட சேந்து அதுவும் ஏறிட்டா?" என்பாய். கடைச் சாமானையெல்லாம் ஓலைப்பெட்டிக்கு மாற்றிக்கொள்வாய். "சாக்கு மட்டும் மலையேறக் கூடாதுங்க." எலியின் தெள்ளுப்பூச்சி சாக்கில் ஒட்டி வரும் என்று சுகாதார அதிகாரி சொன்னதை நான்தான் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியிருந்தேன்.

அன்று நீ கொட்டகையில் எண்ணெய் அளந்துகொண்டிருந்தாய். நான் தனியாகப் போனேன். வழியில் மழை இருட்டியது. உப்பு கரைந்துவிடுமே என்று கடையின் பின்கட்டில் கிடந்த சாக்கைக் கேட்டு வாங்கி, பெட்டி மேல் போர்த்திக் கட்டினேன். அப்படியே பாறையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"உப்பு ஒரு பொட்டு நனையலப்பா. சாக்கைப் போர்த்திட்டேன்."

நீ என்னைத் திட்டவில்லை. சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு போனாய். மழைக்குப் பயந்து மலையாட்கள் இன்னும் இறங்கியிருக்கவில்லை. உப்பை மழையிலேயே கொட்டிவிட்டு, சாக்கை மார்போடு சுருட்டிக் கொண்டுவந்து பாழுங்கிணற்றில் போட்டாய். நீ பாறையில் சாக்கைச் சுருட்டும்போதே முள்ளுக்கு அப்பால் வந்துவிட்ட உன் மச்சினன் கூவினானாம்: "மச்சான், பொட்டப்புள்ள பொறந்திருக்குது! வந்து பாருங்க!"

"வாரேன் சாமி. நீ கிட்ட வராதே" என்றாயாம். இதைச் சொல்லும்போது சிரித்தாய்.

நாலாம் நாள் தொடையிடுக்கில் நெறி கட்டியது. ஏழாம் நாள் நீ இல்லை.

உன் சாவைப் பற்றி நான் அனுப்பிய செய்தி மூன்று வரி. நோய் தொற்றிய விதம் தெரியவில்லை என்று எழுதினேன். இத்தனை வருஷத்தில் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

தை மாதம் முள்ளை விலக்கினார்கள். உன் மனைவி குழந்தையோடு இறங்கி வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் எழுந்து நின்றேன். அவள் குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

"கடைசி வரைக்கும் நீங்க பக்கத்துல இருந்தீங்களாமுங்க. அது போதுமுங்க" என்றாள்.

குழந்தையோடு மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.