வளைவில் நின்றவருக்கு

இன்று பல்லாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, பிரேக் கருகிய வாடை குப்பென்று வந்தது. அடுத்த நொடி, பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளைப் பிடித்து இழுத்துவிட்டேன். "இன்னாக்கா, பயந்துட்டியா?" என்று அவள் சிரித்தாள். ஆமாம் என்றேன். தாம்பரம் வரும்வரை அவள் தோளை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வாரம் முழுக்க நீங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற மனிதர். ஞாயிறு வந்தால் கேமராப் பையை மாட்டிக்கொண்டு ராலி பந்தயக் கார்களைப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவீர்கள். ஃபிலிம் ரோல் போய் டிஜிட்டல் வந்துகொண்டிருந்த காலம். புழுதியைக் கிழித்துப் பாயும் கார், தரையை விட்டு எழும்பிய முன்சக்கரம் என்று உங்கள் படங்கள் பத்திரிகையில் வரும்போது செம்பாக்கத்தில் நம் தெருவே கொண்டாடும். நான் மட்டும் அவற்றில் காரைப் பார்த்ததில்லை. இதை எடுக்க இவர் எங்கே நின்றிருப்பார் என்றுதான் பார்ப்பேன்.

ஒரு படத்தில், சக்கரம் வாரியடித்த கல் ஒன்று பெரிதாக, தெளிவாக, நம் முகத்துக்கே வருவதுபோல் இருந்தது.

"இந்தக் கல்லு எங்க போச்சு?"

"எங்கயோ போச்சு, விடும்மா."

மறுநாள் நீங்கள் குளித்துவிட்டு வரும்போது வலது தோளில் நீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு, மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, பைக்கில் உங்கள் பின்னால் ஏறிக்கொண்டேன்.

திருநீர்மலை தாண்டி, பழைய கல்குவாரிக்குப் போகும் மண்பாதை. பந்தயம் இல்லை, பயிற்சி ஓட்டம்தான் என்றீர்கள். பாதை வளையும் இடத்தில், வெளிப்பக்கமாக, முழங்காலை ஊன்றி உட்கார்ந்தீர்கள். என்னைப் பின்னாலிருந்த மேட்டில் நிற்கச் சொன்னீர்கள். முதல் கார் ஒழுங்காகப் போனது. இரண்டாவது கார் வளைவுக்குள் நுழையும்போதே அதன் பின்பக்கம் விலகிவிட்டது. பக்கவாட்டில் சறுக்கியபடி உங்களை நோக்கி வந்தது. நீங்கள் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கேமராவில் வைத்து, அசையாமல் இருந்தீர்கள். கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேட்டிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. உங்கள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததும், இருவரும் கருவேல முள்ளில் விழுந்ததும்தான் நினைவிருக்கிறது.

புழுதி அடங்கியபோது, நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் டயர் தடம் இருந்தது. ஓட்டியவர் ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஓடிவந்தார். "சார், அடி கிடி பட்டுச்சா? வண்டி கையில நிக்கல சார்."

"ஒண்ணும் இல்லப்பா" என்றீர்கள். உங்கள் உதடு வெளுத்திருந்தது.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினீர்கள். என் முகம் பார்க்காமல், "கேமராவுக்குள்ள கண்ணை வெச்சுட்டா, கார் எவ்ளோ கிட்ட வந்துடுச்சுன்னே தெரியல" என்றீர்கள். இனிமேல் போகாதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்கள். அதனாலேயே சொல்ல முடியவில்லை.

"நானும் வரேன். பின்னாடி நிப்பேன். இழுத்தா வந்துடணும்."

"வந்துடறேன்."

அதன்பிறகு எத்தனையோ வளைவுகளில் உங்கள் காலரைப் பிடித்தபடி நின்றேன். பயம் ஒருநாளும் குறையவில்லை. என் உள்ளங்கை வியர்வையில் உங்கள் சட்டை நனைந்துவிடும். எவ்வளவு நல்ல படம் கண்முன் வந்துகொண்டிருந்தாலும், நான் இழுத்த கணமே வந்தீர்கள். ஏன் இழுத்தாய் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கடைசியில் உங்களைக் கொண்டுபோனது எந்தக் காரும் இல்லை, நுரையீரலில் வந்த நோய். ஆஸ்பத்திரியில், பேச்சு முக்கால்வாசி மூச்சாகிப்போன அந்த மதியம், "பயமா இருக்கா?" என்று கேட்டீர்கள். இருக்கு என்றேன். "எனக்கும்தான். இங்கயே நில்லு." நின்றேன். அதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

மகள் இப்போது பொத்தேரியில் கல்லூரிக்குப் போகிறாள். ஜிஎஸ்டி சாலையில், லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே, ஸ்கூட்டரில். "கிளம்பட்டுமாம்மா?" என்று அவள் கேட்டதும் வாசலுக்கு வந்துவிடுகிறேன். ஹெல்மெட் வாரை நானே இறுக்கிவிட்டு, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்கிறேன். அவள் போன் வரும்வரை அடுப்பில் என்ன வைத்தேன் என்பதே நினைவிருப்பதில்லை. நேற்றும் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. போகாதே என்று இன்னும் சொல்லவில்லை.