கேட்டு வாங்கிய வட்டாரம்

அப்பாவுக்கு,

குடும்ப மருத்துவப் பயிற்சிக்குக் கடற்கரை வட்டாரங்களை விட்டுவிட்டு, நம் மேற்குக் குயின்ஸ்லாந்தைக் கேட்டு வாங்கினேன். "இந்தப் புழுதிக்காடா? அப்பாமேல அவ்ளோ பாசமாடி?" என்று போனில் சிரித்தீர்கள்.

நம் ஊர் கிளினிக்கில்தான் வேலை. அம்மாவின் தாடை உடைந்த அன்று அங்கேதான், ரத்தம் துப்பிக்கொண்டிருந்தவளை முந்திக்கொண்டு, "படியில விழுந்துட்டா. அப்படித்தானே, மேவிஸ்?" என்றீர்கள். உங்களோடு பீர் குடிக்கும் டாக்டர் மெர்வின் தலையாட்டினார். விலா உடைந்தபோதும் அதே படிதான்.

நம் வீட்டுக்குப் படியே கிடையாது.

பிப்ரவரியிலிருந்து மெர்வினின் பக்கத்து அறையில் நான் இருப்பேன். சொந்த அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாதென்று எங்களுக்கு விதி உண்டு. போலீஸைக் கூப்பிடக் கூடாதென்று எந்த விதியும் இல்லை.

உங்கள் மகள்