பழைய குளிர் அறை

செவ்வாய்க்கிழமை, இரவு.

புதுக் குளிர் அறையின் படத்தைக் கொழுந்தன் மணி இன்று காட்டினார். வெங்காயத்துக்குத் தனி அறை, முருங்கைக்காய்க்குத் தனி அறை. காய் இன்னும் நாலு நாள் அதிகமாகத் தாங்குமாம். சிங்கப்பூரில் தேக்கா கடைகளுக்குக் கொடுத்தது போக, புருணைக்கும் அனுப்பலாமாம். நல்ல யோசனைதான். நாளைக் காலையில் பழைய அறையை இடிக்கச் சரி என்று சொல்லிவிட்டேன்.

சரக்கை மத்தியானமே மாற்றியாயிற்று. மோட்டாரையும் நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் நான்தான் பூட்டப் போனேன். பூட்டுமுன் கதவை இரண்டு முறை தட்டுவது என் வீட்டுக்காரர் வைத்த வழக்கம். உள்ளே ஆள் இருந்தால் திருப்பித் தட்ட வேண்டும். அவர் இறந்து மூன்று மாதமாக நானும் தட்டுகிறேன்.

இன்று திருப்பித் தட்டியது. இரண்டு முறை.

மணி சிரித்தார். "அண்ணி, அது பலகை லா. குளிர் விட்டா சத்தம் போடும்."

"சரியா ரெண்டு தடவையா போடும்?"

"அப்ப மூணு தட்டிப் பாருங்க."

நான் தட்டவில்லை. மூன்று வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். மணி போனபின் கதவைத் திறந்து பார்த்தேன். யாரும் இல்லை. "காலையில இடிக்கிறாங்க, வெளிய வந்துடுங்க" என்று சொன்னேன். கதவைத் திறந்தபடியே விட்டு ஈசூன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக் கதவையும் இன்னும் பூட்டவில்லை.