ஒரு இஞ்ச் தகடு

ஏங்க,

சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். பட்டறைச் சாவி அதே ஆணியில். நேற்று நான் சத்தம் போட்டது தப்புதான். ஆனாலும் சொல்கிறேன், சமையல் கத்திக்கு, சாணை மெஷினில் சுற்றுகிற பெல்ட்டுக்குப் பின்னால் நீங்கள் எப்போதும் மாட்டும் இரண்டு இஞ்ச் தகடே போதும். பெல்ட் அகலமாகப் படிந்து ஓடினால்தானே கத்தியின் பக்கம் தட்டையாக வரும்? நேற்று கத்தி செய்யச் சொல்லி வந்த அந்த ஆள் கேட்கிற மாதிரி ஒல்லியாக, இரண்டு பக்கமும் கூராக வேண்டுமென்றால்தான் ஒரு இஞ்ச் தகடு. "மீன் வெட்டத்தானாம்" என்றீர்கள். மீனுக்கு எதற்கு இரண்டு பக்கக் கூர்? சரி, உங்கள் இஷ்டம். புதுத் தகட்டைத் துடைத்து மெஷின் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.

பி.கு.: செருப்பு மாட்டும்போது அந்த ஆளே வந்து நின்றார். கைப்பிடிக்கு என்ன மரம் போடச் சொல்லட்டும் என்று கேட்டேன். "எதுவா இருந்தா என்னம்மா, ஒரு தடவைதானே பிடிக்கப் போறேன்" என்று சிரித்தார். சாயங்காலம் மறுபடி வருவாராம்.

அந்தப் புதுத் தகடு இப்போது என் பையில் இருக்கிறது. தேடாதீர்கள். நான் வரும்வரை கதவையும் திறக்காதீர்கள்.