பிளாஸ்டரில் வார்த்த இதயம்

நண்பா,

இன்று காலை கண்களை மூடும் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு குழந்தையின் இதயத்துக்குள் நின்றேன். ஸ்கேன் படங்களைக் கணினி கோத்துக் கட்டிய இதயம். தலையைத் திருப்பினால் சுவர், குனிந்தால் ஓட்டை. நாளை எங்கே வெட்டுவது, எங்கே தைப்பது என்று உள்ளேயே நின்று முடிவு செய்துவிடலாம். கழற்றியதும் உன் ஞாபகம்தான் வந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் உன் மகளைச் சென்னைக்குத் தூக்கி வந்தாய். நாலு வயசு, உதடெல்லாம் நீலம். நான் அப்போதுதான் தனியாக அறுவை செய்யத் தொடங்கியிருந்தேன். இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் வலது அறையிலிருந்தே கிளம்பியிருந்தன. ஓட்டையிலிருந்து சரியான குழாய் வரை உள்ளேயே ஒரு பாதை தைக்க இடமிருந்தால் முழுச் சிகிச்சை. இல்லாவிட்டால் ஒப்பேற்றல்தான், பிள்ளைக்கு ஆயுள் முழுக்க மூச்சு வாங்கும். தட்டைப் படங்களைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

"நாங்க ஜாடி வாத்தா ஒண்ண அறுத்து, உள்ள எப்புடி இருக்குதுன்னு பாத்துடுவோம். இவ ஒண்ணே ஒண்ணுதானேடா" என்றாய்.

படங்களின் நகலோடு விருத்தாசலம் பஸ் ஏறினாய். செராமிக் பட்டறையில் அச்சு செய்கிறவன் நீ. ஒவ்வொரு படத்தையும் களிமண் தகட்டில் வெட்டி அடுக்கி, இரண்டு பாதியாகத் திறக்கும் ஓர் இதயத்தைப் பிளாஸ்டரில் வார்த்துக் கொண்டுவந்தாய். திறந்தேன். பாதைக்கு இடம் தாராளமாக இருந்தது. அந்தத் தாராளம்தான் உதைத்தது. ஸ்கேலை வைத்துப் படத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே பத்தில் ஒரு பங்கு கூடுதல். சூளையில் மண் சுருங்கும் என்று எப்போதும் கூட்டி வைத்தே பழகிய கை, சூளைக்கே போகாத பிளாஸ்டருக்கும் கூட்டி வைத்துவிட்டது.

உன் முகம் செத்துப்போயிற்று. நான் கூடுதலைக் கழித்துக் கணக்குப் போட்டேன். இறுக்கம்தான், ஆனாலும் வழி இருந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது. அந்த வழியிலேயே தைத்தேன்.

போன ஆடியில் நீ போய்ச் சேர்ந்தாய். இன்று மாலை உன் மகள் பரிசோதனைக்கு வந்தாள். அவளுடைய ஸ்கேனையும் கருவியில் ஏற்றி உள்ளே போய்ப் பார்த்தேன். பாதை நன்றாகவே திறந்திருக்கிறது. என் மேசையிலிருந்த உன் பிளாஸ்டர் இதயத்தை அவள் கையில் எடுத்தாள்.

"இம்மாஞ் சின்னதாவா மாமா இருந்துச்சு?"

"இல்லம்மா, இதவிடச் சின்னது. நீ வளருவன்னு ஒங்கப்பன் கொஞ்சம் கூட்டி வச்சுட்டான்."